ஈட்டின் ப்ரவேசமும் இக்காலத்து உபந்யாஸமும்

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயம் கேள்வியால் வளர்ந்த ஸம்ப்ரதாயம். ஆசார்யன் சொல்ல, சிஷ்யன் கேட்க, கேட்டவன் பின்னொரு நாள் சொல்ல என்ற முறையிலேயே அருளிச்செயலின் பொருள் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தது. ஓலையும் அச்சும் இம்முறைக்குத் துணைநின்றனவேயன்றி இதற்கு மாற்றாகவில்லை. ஆகவே, ஒரு பொருளைக் கேட்பவர் உள்ளத்தில் தெளிவாக நிற்கும்படி எவ்வாறு அடைவு செய்து சொல்வது என்னும் கேள்வி இந்த ஸம்ப்ரதாயத்திற்குப் புறம்பானதன்று. பூர்வாசார்யர்கள் அதற்கு இலக்கணம் வகுத்து ஒரு தனி நூல் செய்யவில்லையாயினும், தம் வ்யாக்யானங்களின் அமைப்பிலேயே விடையை வைத்துப் போந்தனர்.

அவ்விடையை மிகத் தெளிவாகக் காட்டுவது திருவாய்மொழியின் ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதன் பொருளாழமும் அநுபவ ரஸமும் பலராலும் பலபடப் பேசப்பட்டிருக்கின்றன. ஆனால், அது பேச்சாகப் பிறந்தது என்பதும், அப்பேச்சு எந்த ஒழுங்கில் நின்றமையால் கேட்டவர்க்குத் தெளிவாயிற்று என்பதும் அவ்வளவாக ஆராயப்படவில்லை. இக்காலத்து உபந்யாஸங்கள் பலவற்றில் கேட்பவர்க்கு ஏற்படும் குறை இன்னதென்று அறியவும் அதுவே அளவுகோலாகும்.

பேச்சாகப் பிறந்த நூல்

திருவாய்மொழிக்கு எழுந்த வ்யாக்யானங்கள் ஐந்து. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி, நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளை அருளிய இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படி, வாதிகேஸரி அழகிய மணவாள ஜீயர் அருளிய பன்னீராயிரப்படி என்பன அவை. ஒற்று நீங்கலாக 32 எழுத்து ஒரு படி என்பது கணக்கு. அவ்வாறு பார்த்தால் ஈடு 11,52,000 எழுத்தளவுடையது. திருவாய்மொழியின் பாசுரங்கள் 1102. அவை 100 பதிகங்களாக அமைந்தவை. பதினொரு பாசுரங்களே பதிகத்தின் அளவாக இருக்க, பன்னிரு திருநாமப் பாட்டாகிய கேசவன் தமர் மட்டும் பதின்மூன்று பாசுரங்கள் கொண்டது.

இவ்வளவு பெரிய பரப்பு, ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை நாள்தோறும் செய்த காலக்ஷேபத்தின் பதிவு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பகலில் கேட்டதை இரவில் வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தினார் என்பது குருபரம்பரை வழிவந்த செய்தி. திரள் திரளாக வந்த அந்த கோஷ்டியைப் பெருமாள் கோஷ்டியோ என்று கண்டவர் மயங்கினர் என்றும் சொல்வர். பின்னர் மணவாள மாமுனிகள் நம்பெருமாள் திருமுன்பே ஏறத்தாழ ஓராண்டு இதனையே காலக்ஷேபம் செய்து, ஆனித் திருமூலத்தன்று சாற்றுமுறை செய்தருளினார். ஆக, இருமுறையும் ஈடு பெருங்கூட்டத்தின் முன்னே வாயாற் சொல்லப்பட்டது, மாதக்கணக்கில் நீண்டது, ஒருநாள் வந்து மறுநாள் வாராதாரும் கேட்டிருக்கக் கூடியது. இத்தகைய பேச்சு தெளிவாக நிற்கவேண்டுமாயின், கேட்பவன் எந்நாள் வந்து அமர்ந்தாலும் தான் நிற்குமிடம் இன்னதென்று அறியும்படி ஏதேனும் வழி செய்திருக்கவேண்டும். அவ்வழியே ப்ரவேசம் என்றும் அவதாரிகை என்றும் வழங்கும் முன்னுரைகள்.

மூன்று நிலை முன்னுரை

ஈட்டில் முன்னுரை மூன்று நிலைகளில் அமைந்துள்ளது. ப்ரபந்தம் முழுமைக்கும் உரியது மஹாப்ரவேசம். அது முதல் ஸ்ரிய:பதி, இரண்டாம் ஸ்ரிய:பதி, மூன்றாம் ஸ்ரிய:பதி என மூன்றாக வழங்குகிறது. ஒவ்வொரு பதிகத்திற்கும் உரியது திருவாய்மொழி ப்ரவேசம். ஒவ்வொரு பாசுரத்திற்கும் உரியது பாட்டின் அவதாரிகை. நகருக்கு வழி, தெருவுக்கு வழி, வீட்டுக்கு வழி என்று மூன்றையும் சொல்லி அழைத்துச் செல்வது போன்றது இது.

மஹாப்ரவேசம் சொல்லத் தொடங்கும் இடம் கவனிக்கத்தக்கது. ஆழ்வாரின் சரித்ரத்தையோ பாசுரத்தின் சொல்லழகையோ அது முதலில் எடுப்பதில்லை. திருமகள் கேள்வனின் ஸ்வரூபத்தையும், ஸம்ஸாரத்தில் உழலும் சேதநனையும், அவனை மீட்க எம்பெருமான் எடுத்த வழியாக ஆழ்வார் அமைந்ததையும் முன்வைக்கிறது. அதன்பின், கேட்பவர் மனத்தில் எழக்கூடிய ஐயங்களைத் தானே எழுப்பித் தீர்க்கிறது. வேதம் இருக்க இது எதற்கு, ஸம்ஸ்க்ருதத்தில் அன்றித் தமிழில் ஏன், அநுபவம் வழிந்து புறப்பட்ட சொல் எழுத்து அசை சீர் தளை அடி தொடை என்னும் யாப்பில் நின்றது எவ்வாறு என்பன போன்றவை அவை. சாஸ்த்ரகாரர்கள் விஷயம், ப்ரயோஜநம், ஸம்பந்தம், அதிகாரி என்னும் அநுபந்தம் நான்கையும் நூலின் தொடக்கத்தில் சொல்லவேண்டும் என்று வைத்த நியதியே இங்கு அநுபவத்தின் மொழியில் நிறைவேறுகிறது. பாயிரம் இல்லாத நூலை நூலாகவே கொள்ளாத நன்னூலாரின் கருத்தும் இதுவே.

மூன்றுமுறை ஸ்ரிய:பதி என்று தொடங்கியது கூறியது கூறலாகாதோ எனின், ஆகாது. ஒரே பொருளுக்கு வெவ்வேறு வாசல்கள் அவை. தத்துவத்தின் வாசலால் நுழைய வல்லான் ஒருவன். ஆழ்வாரின் நிலையில் ஈடுபட்டு நுழைய வல்லான் மற்றொருவன். கோஷ்டி ஒருபடித்தாய் இராது என்று அறிந்தவர் செய்த வேலை அது.

பாட்டின் அவதாரிகையோ பெரும்பாலும் மிகச் சிறியது. பல இடங்களில் இரண்டு மூன்று வாக்யங்களே. ஆனால் அதன் அமைப்பு ஒரு நியதிக்கு உட்பட்டது. முன் பாசுரத்தில் சொன்னதைக் கேட்டு ஒருவன் கேட்கக்கூடிய கேள்வியை அது முதலில் வைக்கிறது. அக்கேள்விக்கு விடையாக வரும் பாசுரத்தின் திரண்ட பொருளை ஒரே வாக்யத்தில் சொல்லி, ‘என்கிறார்’ என்று முடிக்கிறது. அதன் பின்னரே பதம் பதமாகப் பொருள் விரிகிறது. கேட்பவன் பாசுரத்தின் பொருளை முன்னமே அறிந்திருப்பதால், ஒரு சொல்லுக்கு இரண்டு நாழிகை வ்யாக்யானம் நடந்தாலும் வழி தவறுவதில்லை. பதிகத்தின் இறுதிப் பாசுரம் வரும்போது, ‘நிகமத்தில்’ என்று தொடங்கி, இது முடியும் இடம் என்பதும் அறிவிக்கப்படுகிறது.

ஸங்கதி சொல்லாவிடில் நேர்வது

முன்னுரையின் உயிர் ஸங்கதி. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தொடர்பைச் சொல்வது அது. சாஸ்த்ரங்களில் ஸங்கதியை ஆறாக வகுத்திருக்கிறார்கள்: ப்ரஸங்கம், உபோத்காதம், ஹேதுதை, அவஸரம், நிர்வாஹகைக்யம், கார்யைக்யம். இவ்வாறில் ஒன்றேனும் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றைச் சொல்லக்கூடாது என்பது விதி.

இதன் இன்றியமையாமையை முதற்பத்தின் முதல் ஐந்து பதிகங்களிலேயே காணலாம். உயர்வற என்னும் முதல் திருவாய்மொழி பரத்வத்தைப் பேசுகிறது. வீடுமின் என்னும் இரண்டாவது, பிறரைப் பார்த்து அவனை பஜிக்கச் சொல்கிறது. மூன்றாவதாகிய பத்துடையில், அவன் வெண்ணெய் களவு கண்டு உரலோடு கட்டுண்டிருந்த எளிமையில் ஆழ்வார் ஆறு மாதம் மோஹித்தார் என்பது ப்ரஸித்தம். நான்காவதாகிய அஞ்சிறைய மடநாரையில், பிரிந்த தலைமகளாய்ப் பறவைகளைத் தூது விடுகிறார். ஐந்தாவதாகிய வளவேழுலகில், தம் தாழ்மையை நினைத்து அவனை விட்டு அகலப் பார்க்கிறார்.

இவற்றைத் தனித்தனியே கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. பரம்பொருளைப் பேசியவர் திடீரென்று உரலுக்கு வருவானேன்? ஆண்மகனாய் உபதேசித்தவர் பெண்பேச்சாய்ப் பேசுவானேன்? ‘வரவேணும்’ என்று நாரையை விட்டவர், வந்தவனைக் கண்டு விலகுவானேன்? மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது. அதற்கு விடை சொல்லாமல் வளவேழுலகின் சொற்களுக்கு எவ்வளவு அழகாகப் பொருள் விரித்தாலும், கேட்பவன் மனத்தில் ஆழ்வாரின் நெஞ்சு ஒரு நிலையில் நில்லாதது என்னும் எண்ணமே மிஞ்சும்.

ஈடு ஒவ்வொரு கேள்விக்கும் அவ்வவ்விடத்து ப்ரவேசத்திலே விடை வைக்கிறது. பஜிக்கச் சொன்னீர், கண்ணுக்குப் புலனாகாத பரனை இக்கண்ணுடையார் எவ்வாறு பற்றுவது என்ற ஐயத்திற்கு விடையாக, அவதாரத்தின் எளிமை வருகிறது. அவ்வவதாரமோ முன்பொரு காலத்தது. அக்காலத்தில் உடனிருந்து அநுபவிக்கப் பெறாத இழவு ஆழ்வாரைப் பிரிந்த தலைமகளின் நிலையில் நிறுத்துகிறது. அந்த ஆற்றாமை தீர அவன் வந்தான். வந்தவனுடைய பெருமையையும் தம்முடைய சிறுமையையும் ஒருசேரக் கண்டபோது, இத்தகைய மேன்மைக்குத் தம்மால் இழுக்கு நேருமே என்று ஆழ்வார் பின்வாங்கினார். தாழ்ந்தாரோடும் புரையறக் கலக்கும் தன் சீலத்தைக் காட்டி அவன் அவரைச் சேர்த்துக்கொண்டான். இவ்வாறு சொல்லப்பட்டபின், விலகல் அன்பின் முதிர்ச்சியாகவே தோன்றுகிறது. அன்பு இல்லாதவனுக்கு அவன் பெருமைக்கு இழுக்கு வருமே என்னும் அச்சமும் இராதன்றோ. பாசுரத்தின் ஒரு சொல்லையும் விளக்கத் தொடங்குமுன்பே, பாசுரத்தின் ரஸம் கேட்பவனுக்குக் கைவந்துவிடுகிறது.

ஆகவே ஸங்கதி சொல்வது இலக்கண முறைமைக்காகச் செய்யும் சடங்கன்று. அது பொருளிலேயே ஒரு பாகம். வளவேழுலகின் பொருள், அஞ்சிறைய மடநாரைக்குப்பின் அது வந்தது என்பதையும் உள்ளடக்கியது.

இக்காலத்து உபந்யாஸங்களில் பெரும்பாலும் விடப்படுவது இதுவே. ஒரு பாசுரம் எடுக்கப்படுகிறது, சேவிக்கப்படுகிறது, உடனே முதற்சொல்லுக்குப் பொருள் தொடங்குகிறது. அச்சொல்லோடு ஒலியால் ஒத்த மற்றொரு பாசுரம் நினைவுக்கு வர, அங்கே தாவுகிறது. அங்கிருந்து ஸ்ரீராமாயணத்தின் ஒரு கட்டம். அங்கிருந்து ஒரு க்ஷேத்ர மஹிமை. சொல்பவரின் வித்வத்தில் குறையில்லை. சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் உண்மை, ஒவ்வொன்றும் இனிமை. ஆனால் எடுத்த பாசுரம் எந்தக் கேள்விக்கு விடை என்பது தொடக்கத்தில் சொல்லப்படாமையால், இடையில் வந்தவை எதற்காக வந்தன என்று கேட்பவன் அறிய வழியில்லை. நன்னூலார் மற்றொன்று விரித்தல் என்று இக்குற்றத்திற்குப் பெயரிட்டார். நேரம் முடிந்தமையால் பேச்சும் முடிகிறபோது, சென்றுதேய்ந்திறுதல் என்னும் குற்றமும் உடன் சேர்கிறது.

ஐதிஹ்யத்தின் இடமும் அளவும்

இவ்விடத்தில், கதைகளே குற்றம் என்று கொள்ளலாகாது. ஈட்டில் ஐதிஹ்யங்கள் நிறைய உண்டு. எம்பெருமானார், எம்பார், பட்டர், நஞ்சீயர் முதலானோர் வாழ்வில் நிகழ்ந்தவையும் அவர்கள் அருளிய நிர்வாஹங்களும் இல்லாத ஈட்டை நினைக்கவும் முடியாது. பார்க்க வேண்டியது அவை நிற்கும் இடத்தையும் அளவையும்.

மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியை எடுத்துக்கொள்ளலாம். முன் திருவாய்மொழியில், அழகரை அநுபவிக்கக் கரணங்கள் போதாமையால் இந்த ஸம்ஸார ஸம்பந்தத்தை நினைத்து ஆழ்வார் நொந்தார். இவ்வுடம்போடே நீர் அநுபவிக்கலாம்படி திருவேங்கடத்திலே நிற்கிறோமே என்று அவன் காட்டிக்கொடுக்க, அங்கே எல்லாக் காலத்திலும் எல்லா அடிமையும் செய்யவேண்டும் என்று பாரிக்கிறது ஒழிவில்காலம். கைங்கர்யமே அதன் விஷயம். அதன் இரண்டாம் பாசுரத்தில் நித்யஸூரிகள் தூவிய பூ திருமலையில் சிந்திக்கிடக்கும் சொற்றொடர் வருமிடத்தே, எம்பெருமானார் கோஷ்டியில் நிகழ்ந்த ஐதிஹ்யம் வைக்கப்படுகிறது. திருமலையின் குளிரையும் பொறுத்து அங்கிருந்து புஷ்ப கைங்கர்யம் செய்ய வல்லார் இக்கோஷ்டியில் உண்டோ என்று அவர் கேட்க, அனந்தாழ்வான் எழுந்து நின்றார்; சென்றார்; நந்தவனம் அமைத்தார்.

இவ்வைதிஹ்யம் சில வரிகளே. அது பூ என்னும் சொல்லின் அருகே நிற்கிறது. அது சொல்லும் செய்தியும் பதிகத்தின் விஷயமும் ஒன்றே. பாசுரத்தைக் கேட்டு ஒருவர் எழுந்து போய்க் கைங்கர்யம் செய்தார் என்பதை விட, அப்பாசுரம் கைங்கர்யத்தைச் சொல்கிறது என்பதற்கு வலிய சான்று வேறு வேண்டுமோ? ஐதிஹ்யம் முடிந்ததும் வ்யாக்யானம் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

இதே இடம் இக்காலத்து மேடையில் எவ்வாறு நிகழ்கிறது என்பது பலரும் அறிந்ததே. அனந்தாழ்வான் என்ற பெயர் வந்தவுடன், அவர் ஏரி வெட்டியது, கருவுற்ற தேவிகள் மண் சுமந்தது, சிறுவனாய் வந்து அவன் கைகொடுத்தது, எறிந்த கடப்பாரை முகவாயில் பட்டது, அதற்குப் பச்சைக் கர்ப்பூரம் சாற்றியது, அக்கடப்பாரை இன்றும் கோயில் வாசலில் இருப்பது என அடுத்தடுத்து வருகின்றன. கேட்பவர் கண்ணீர் உகுக்கின்றனர். கதையும் ப்ரேமத்தின் கதையே. எனினும், ஒழிவில்காலத்தில் ஆழ்வார் வேண்டியது யாது என்று வெளியே வருகின்றவரைக் கேட்டால், விடை வருவதில்லை. முகவாயில் கர்ப்பூரம் என்பது மட்டும் நினைவில் நிற்கிறது.

மீமாம்ஸகர் அர்த்தவாதத்திற்கு வைத்த நியாயம் இங்கு அப்படியே பொருந்தும். அர்த்தவாதம் தானாக ஒரு ப்ரயோஜநத்தைத் தருவதன்று. விதியோடு ஏகவாக்யமாய் நின்று, அவ்விதியைச் செய்யத் தூண்டுவதாலேயே அது ப்ரமாணமாகிறது என்பர் ஜைமிநி மஹர்ஷி வழி வந்தோர். ஐதிஹ்யமும் அத்தகையது. பதிகத்தின் விஷயத்தோடு ஏகவாக்யமாகும் அளவே அதன் அளவு. அனந்தாழ்வான் ஏரி வெட்டிய கதையையும் கைங்கர்யத்தின் விஷயமாகவே சொல்லமுடியும். பிறர் கைகொடுக்கவும் பொறாதபடி கைங்கர்யத்தில் அவருக்கு இருந்த அபிநிவேசத்தைக் காட்டி, உடனே பாசுரத்துக்குத் திரும்பினால், அதுவும் ஏகவாக்யமாகும். திரும்பாதபோதுதான் குற்றம் நேர்கிறது.

ப்ரஸங்கமும் ஆறு ஸங்கதிகளில் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பது இதனாலேயே. நினைவுக்கு வந்ததைச் சொல்ல சாஸ்த்ரம் இடங்கொடுக்கிறது. நினைவுக்கு வந்தது உபேக்ஷிக்கத்தகாததாய் இருக்கவேண்டும் என்ற ஒரு நிபந்தனையை மட்டும் உடன் வைக்கிறது. எடுத்த விஷயத்திற்கு இது இல்லாமல் தீராதா என்று சொல்பவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவேண்டும் என்பதே அதன் கருத்து.

திரட்டிக் கொடுத்தல்

தொடக்கத்தில் சொன்னதை முடிவில் திரட்டிக் கொடுக்கவேண்டும் என்பது அடுத்த நியதி. ஒரு நூலின் தாத்பர்யத்தை அறியும் ஆறு லிங்கங்களில், உபக்ரமமும் உபஸம்ஹாரமும் ஒன்றுபடுவதை முதலில் வைத்தனர். தொடக்கமும் முடிவும் வெவ்வேறாயின் அந்நூலுக்கு ஒரு தாத்பர்யம் உண்டென்று சொல்ல வழியில்லை. இது உபந்யாஸத்துக்கும் ஒக்கும்.

இவ்வகையில், ஈட்டுக்குப் பின்வந்த இரண்டு நூல்கள் பேச்சாளர்க்குப் பெருந்துணை. மணவாள மாமுனிகளின் திருவாய்மொழி நூற்றந்தாதி, நூறு பதிகங்களின் பொருளையும் நூறு வெண்பாக்களில் அடக்குகிறது. ஒரு பதிகத்துக்கு நான்கே அடி. அதிலும் ஆழ்வாரின் ஏற்றத்தைச் சொல்ல இடம் போக, பதிகப்பொருளுக்கு எஞ்சுவது ஏறத்தாழ இரண்டடியே. அவ்வளவில் ஈட்டின் ப்ரவேசம் முழுதும் அடங்கியிருக்கிறது. வளவேழுலகுக்கு உரிய வெண்பாவில், மேலே சொன்ன மால் பெருமை, தம் தாழ்மை, விலக நினைத்தல், சீலத்தால் சேர்த்துக்கொள்ளுதல் ஆகிய நான்கும் அதே வரிசையில் உள்ளன. படர்ந்த பேச்சாகிய ஈட்டை ஆண்டளவு சொன்ன அதே மாமுனிகளே இதையும் அருளினார் என்பது எண்ணத்தக்கது. ஒரு பதிகத்தை இரண்டடியில் திரட்ட வல்லவரே அதைப் பல நாள் விரிக்கவும் வல்லவர்.

வேதாந்த தேசிகனின் த்ரமிடோபநிஷத் தாத்பர்ய ரத்நாவளி இதே வேலையை ஸம்ஸ்க்ருதத்தில் வேறொரு வகையால் செய்கிறது. 130 ச்லோகங்களில், பதிகந்தோறும் பேசப்படும் குணம் இன்னது, பாசுரந்தோறும் அதற்கு அமைந்த துணைக்குணம் இன்னது என்று அது நிரல்படுத்துகிறது. முதற்பத்தின் பதிகங்கள் பரத்வம், பஜநீயத்வம், ஸௌலப்யம், அபராதஸஹத்வம், ஸௌசீல்யம் என்று தொடர்வதை அறிந்தவர்க்கு, எந்தப் பாசுரத்தை எடுத்தாலும் அது நிற்கும் இடம் கண்முன் தோன்றும். இரு ஸம்ப்ரதாயத்தாருக்கும் தலையான ஆசார்யர்கள் இருவரும், திருவாய்மொழியைத் திரட்டிக் காட்டுதலை ஒரு தனிக் கைங்கர்யமாகவே கொண்டனர் என்பதிலிருந்து, அடைவு என்பது பொருளுக்கு வெளியே நிற்கும் அலங்காரமாக அவர்களால் கருதப்படவில்லை என்பது போதரும்.

இரண்டு ஆக்ஷேபங்கள்

இதற்கு இரண்டு ஆக்ஷேபங்கள் எழும். நம்பிள்ளையின் கோஷ்டி சாஸ்த்ரம் அறிந்த கோஷ்டி; அவர்களுக்கு ப்ரவேசமும் ஸங்கதியும் சுவைக்கும்; ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வந்து அமரும் இக்காலத்தவர்க்குக் கதைதான் செல்லும் என்பது ஒன்று. ஆழ்வார்களின் அநுபவம் வெள்ளம் போன்றது. அதை முன்னுரை, நடு, முடிவு என்று கரைகட்டினால் ரஸம் கெடும் என்பது மற்றொன்று.

முதல் ஆக்ஷேபம் உண்மையைத் தலைகீழாகக் கொள்கிறது. சாஸ்த்ரம் அறிந்தவன் ஸங்கதி சொல்லப்படாவிடினும் தானே ஊகித்துக்கொள்வான். அறியாதவனுக்கே அது இன்றியமையாதது. ஓராண்டு தொடர்ந்து கேட்பவனை விட, ஒருநாள் மட்டும் வந்து கேட்பவனுக்கே, இன்று எடுத்த பாசுரம் எந்தக் கேள்விக்கு விடை என்று சொல்லவேண்டிய தேவை மிகுதி. அதற்கு ஆகும் நேரமும் பெரிதன்று. ஈட்டின் பாட்டு அவதாரிகைகள் பலவற்றை இன்றைய தமிழில் சொல்ல, ஒரு நிமிஷம் போதும். மேலும் இக்காலத்தில் உபந்யாஸங்கள் ஒலிப்பதிவாகித் துண்டு துண்டாகப் பரவுகின்றன. முன்னும் பின்னும் இல்லாத பத்து நிமிஷத் துண்டே பலருக்குக் கிடைக்கும் முழு உபந்யாஸம். பாசுரந்தோறும் அவதாரிகை சொல்லும் முறையைக் கடைப்பிடித்த பேச்சு, எந்த இடத்தில் வெட்டப்பட்டாலும் பொருள் தரும். அவ்வகையில் ஈட்டின் முறை இக்காலத்துக்கு முன்னைவிடப் பொருத்தமானது.

இரண்டாம் ஆக்ஷேபத்திற்கு ஈடே விடை. மூன்று நிலை முன்னுரையும் நிகமநமும் உடைய அந்த வ்யாக்யானத்தில் ரஸம் குறைந்ததென்று சொன்னவர் ஒருவரும் இலர். வெள்ளம் என்னும் உவமையை ஏற்றுக்கொண்டாலும், காவேரி ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்ததும் கரைகளுக்கு நடுவேதான்.

ஈட்டிலும் கடினமான இடம்

இத்தனை சொன்னபின், ஈடு எல்லா இடத்திலும் கேட்பவர்க்கு எளிதானது என்று கூறுதல் நடுநிலையன்று. ஒரு சொற்றொடருக்கு இரண்டு மூன்று நிர்வாஹங்கள் அடுத்தடுத்து வரும் இடங்களில், எது இப்பதிகத்தின் ப்ரவேசத்தோடு மிகவும் இயைவது என்று வெளிப்படையாகச் சொல்லாமலே விடப்படுவதுண்டு. ஆசார்யர்களின் வார்த்தைகளை ஒன்றும் விடாமல் காக்கவேண்டும் என்ற பரிவு அதற்குக் காரணம். அக்கால கோஷ்டியில், சொல்பவரின் குரலும் முகமும் அதைக் காட்டியிருக்கலாம்; ஏட்டில் அவை ஏறவில்லை. இதை அப்படியே மேடையில் எடுத்து, ‘இப்படியும் சொல்வர், இப்படியும் சொல்வர்’ என்று அடுக்கி நிறுத்திவிடுவோர் உளர். கேட்பவன் எதைக் கைக்கொள்வது என்று அறியாமல் திகைக்கிறான். இவ்விடங்களில் ப்ரவேசத்தை மீண்டும் நினைவூட்டி, அதனோடு ஒவ்வொரு நிர்வாஹமும் எவ்வாறு இயைகிறது என்று சேர்த்துக் காட்டுவதே சொல்பவரின் கடமை. அரும்பத உரைகள் எழுந்ததும் இத்தகைய தேவையாலேயே.

நிகமநம்

ஆக, ஈட்டின் அமைப்பிலிருந்து உபந்யாஸத்துக்குக் கிடைக்கும் முறை இது: எடுத்த பாசுரம் எந்தக் கேள்விக்கு விடை என்பதை முதலில் சொல்லுதல், திரண்ட பொருளை ஒரு வாக்யத்தில் கொடுத்தபின் விரித்தல், இடையில் வரும் ஐதிஹ்யமும் மேற்கோளும் விஷயத்தோடு ஏகவாக்யமாகும் அளவில் நின்று திரும்புதல், பல நிர்வாஹங்கள் வருமிடத்து ப்ரவேசத்தோடு சேர்த்துக் காட்டுதல், தொடங்கிய கேள்விக்கே விடையாக முடித்தல். இவற்றில் ஒன்றும் புதிதன்று. காலக்ஷேப முறையில் அடிபணிந்து கேட்டவர் யாவரும் அறிந்ததே. மேடைக்கு வரும்போது மட்டும் இவை கைவிடப்படுகின்றன.

இது சிறிய குறையாகத் தோன்றலாம். ஆனால் ஓலையோடும் அச்சோடும் அமர்ந்து காலக்ஷேபம் கேட்பவர் தொகை குறைந்துவரும் இந்நாளில், பெரும்பாலோர்க்கு அருளிச்செயலின் பொருளுக்கு உபந்யாஸம் ஒன்றே வாசல். அவ்வாசலில் பாசுரத்தின் கேள்வியும் விடையும் கிடைக்காமல் போமாயின், நூலகங்களில் ஈடு பழுதின்றி இருக்க, அதன் பொருளைக் கேட்டறிந்தவர் இல்லாமற் போவர். பகலெல்லாம் கேட்டு இரவெல்லாம் எழுதிய வடக்குத் திருவீதிப் பிள்ளைக்கு அவ்வாறு எழுத முடிந்ததற்கு அவருடைய தாரணாசக்தி ஒரு காரணம். நம்பிள்ளை சொன்ன அடைவு மற்றொரு காரணம். கேட்டவன் வீட்டுக்குப் போய் எழுதும்படி, அல்லது வீட்டிலுள்ளார்க்குச் சொல்லும்படியேனும், ஓர் உபந்யாஸம் அமைந்ததா என்பதே அதன் தெளிவை அறியும் வழி.